கவாத்து கற்க வேண்டுமா? முதலில் பழைய வெட்டுகளைப் பாருங்கள்

"தோட்டத்தில் சில மரங்களும் பூச்செடிகளும் இருக்கின்றன. கவாத்து பற்றி நிறைய வீடியோ பார்த்துவிட்டேன். ஒருவர் சொல்வதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொல்கிறார். கத்தரியைக் கையில் எடுத்தால் எங்கே வெட்டுவதென்றே தெரியவில்லை. இதை முறையாக எப்படிக் கற்றுக்கொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆளுக்கு ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வீடியோக்கள் ஒரு குறிப்பிட்ட செடிக்கு, ஒரு குறிப்பிட்ட வானிலையில், ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொல்லப்படுபவை. பனி பெய்யும் நாட்டில் ஆப்பிள் வளர்ப்பவர் சொல்லும் மாதம் மாமரத்துக்குப் பொருந்தாது. நிறையப் பூ வேண்டும் என்பவரும் நல்ல நிழல் வேண்டும் என்பவரும் ஒரே செடியை வேறு வேறு விதமாகத்தான் வெட்டுவார்கள். அவரவர் அளவில் எல்லோரும் சரியாகவே சொல்லியிருக்கலாம்.

ஆனால் வெட்டுக்கு மரம் என்ன செய்யும் என்பதில் அடிப்படை விதிகள் சிலதான், அவை எங்கும் ஒன்றுதான். "இங்கே வெட்டினால் இந்த மொட்டு துளிர்க்கும், அது இந்தப் பக்கம் போகும், இந்தக் காயம் நன்றாக மூடும்" என்று கத்தரியை வைப்பதற்கு முன்பே உங்களால் சொல்ல முடிந்தால் உங்களுக்குக் கவாத்து தெரியும். அதுவரை எத்தனை படம் மனப்பாடம் செய்தாலும் தயக்கம் போகாது. அதனால் நீங்கள் கற்க வேண்டியது மரத்தின் பதிலை. அதற்கான பாடம் தெருவிலும் பூங்காவிலும் நிற்கிறது. யாரோ எப்போதோ வெட்டிய மரங்கள் எல்லாவற்றிலும் அந்த வெட்டின் விளைவு இன்றைக்கும் தெரியும்.

அதைப் படிக்க முதலில் ஒன்று தெரிய வேண்டும். மரத்தின் காயம் ஆறுவதில்லை. நம் உடம்பில் சேதமான செல்களின் இடத்தில் புதிய செல்கள் வந்துவிடும். மரத்தில் வெட்டுப்பட்ட கட்டை அப்படியே உள்ளே இருக்கும். அதன் மேல் புது மரம் வளர்ந்து மூடும், அவ்வளவுதான். அமெரிக்க வனத்துறையில் மரநோய் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நீளவாக்கில் பிளந்து பார்த்து இதைத் தெளிவுபடுத்தினார். 1977-இல் வெளியான அவருடைய விளக்கத்தின்படி, காயம்பட்ட மரம் அழுகலை நான்கு சுவர்களுக்குள் அடைக்கப் பார்க்கிறது. நீர் ஏறும் குழாய்களை அடைத்து, அழுகல் மேலும் கீழும் ஓடாமல் தடுப்பது முதல் சுவர். நான்கில் இதுதான் பலவீனமானது. உள்நோக்கிப் போவதை வளர்ச்சி வளையங்களும் பக்கவாட்டில் போவதை, நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் ஆரக்கதிர்களும் ஓரளவு தடுக்கின்றன. நான்காவது சுவரைக் காயத்துக்குப் பிறகு கேம்பியம், அதாவது பட்டைக்கு அடியில் புதுச் செல்களை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு, புதிதாகக் கட்டுகிறது. அதுதான் மிக வலுவானது. காயத்துக்கு முன் இருந்த மரத்தையும் அதற்குப் பின் வளரும் மரத்தையும் அது பிரித்துவிடுகிறது. உள்ளே பொந்தாகிப் போன மரமும் வெளியே பச்சையாக நிற்பது இதனால்தான்.

இதிலிருந்து வெட்டுபவருக்குக் கிடைக்கும் பாடம் நேரடியானது. ஒவ்வொரு வெட்டும் மரத்துக்குள் நிரந்தரமாக இருக்கப் போகிறது. ஆகவே காயம் சிறியதாக இருக்க வேண்டும், மரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

அந்த இடம் எது? ஏதாவது ஒரு மரத்தில், கிளை தண்டோடு சேரும் இடத்தை நெருங்கிப் பாருங்கள். மேல்பக்கம், கவட்டையில், பட்டை சுருங்கி மேடாகி ஒரு கோடு போல இரண்டு பக்கமும் இறங்கும். இதைப் பட்டை வரப்பு என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பக்கம் கிளையின் அடி கொஞ்சம் உப்பலாக இருக்கும். அந்த உப்பலைக் கழுத்து என்போம். தண்டின் நார்கள் கிளையின் அடியைச் சுற்றி வளைத்துக்கொள்ளும் இடம் அது. கிளை தானாகக் காய்ந்து விழும்போது அழுகல் தண்டுக்குள் இறங்காமல் தடுக்கும் காப்பு அங்கேதான் அமைந்திருக்கிறது. வெட்டு பட்டை வரப்புக்கு வெளியே தொடங்கிக் கழுத்துக்கு வெளியே முடிய வேண்டும். கழுத்தில் கீறல்கூட விழக்கூடாது. அதே சமயம் அதைத் தாண்டிக் கட்டையும் நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது.

சில மரங்களில் கழுத்து கண்ணுக்குத் தெரியாது. அப்போது பட்டை வரப்பு தண்டோடு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ, அதே கோணத்தில் எதிர்ப்பக்கமாக வெளியே சாய்த்து வெட்டினால் போதும். காய்ந்த கிளையில் இன்னொன்றைக் கவனியுங்கள். உயிருள்ள திசு கிளையின் மேல் சற்றுத் தூரம் ஏறி வந்திருக்கும். அதைத் தொடாமல், காய்ந்த கட்டையை மட்டும் எடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டினால் அழகாக இருக்குமே" என்று தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது.

இப்போது பழைய வெட்டுகளைப் பார்க்கக் கிளம்பலாம். கழுத்தை விட்டு வெட்டியிருந்தால், காயத்தைச் சுற்றிப் புதுத் திசு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் உருண்டு திரண்டு முழு வளையமாக எழுந்திருக்கும். தண்டோடு ஒட்ட வழித்து வெட்டியிருந்தால் இரண்டு ஓரங்களில் மட்டும் திசு தடித்து, மேலும் கீழும் ஒன்றுமில்லாமல், காயம் கண் வடிவில் நீண்டிருக்கும். பல நேரம் அதன் கீழே பட்டை செத்து உரிந்திருப்பதையும் பார்க்கலாம். நீளமாகக் கட்டை விட்டிருந்தால் அது காய்ந்து, வெடித்து, பூஞ்சை பிடித்து நிற்கும். மூட வரும் திசு அதன் அடியில் முட்டி நின்றுவிடும். கட்டை அழுகி விழாமல் காயம் மூடாது. அது அழுகும் காலம் முழுவதும் பூஞ்சைக்குத் தண்டு வரை வழி திறந்தே இருக்கும். இந்த மூன்றையும் தெருவில் நடந்துகொண்டே பிரித்தறிய முடிகிற அளவுக்குக் கண் பழகிவிட்டால், வெட்ட வேண்டிய கோடு உங்கள் மரத்தில் தானாகத் தெரியத் தொடங்கும். எந்த வகுப்பைவிடவும் இதுதான் வேகமாகக் கற்றுத் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கையைப் பழக்கும் விஷயம் ஒன்று. கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கவே கூடாது. பாதி அறுக்கும்போதே கிளை தன் எடையில் ஒடிந்து, கீழ்ப்பட்டையைத் தண்டு வரை உரித்துக்கொண்டு போய்விடும். முதலில் தண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை மேல்நோக்கி அறுக்க வேண்டும். அப்புறம் அதிலிருந்து சில செ.மீ. வெளியே தள்ளி, மேலிருந்து கீழே முழுதாக அறுக்க வேண்டும். கிளை விழுந்துவிடும், பட்டை கிழிந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும். மீதமிருக்கும் கட்டையை மூன்றாவது வெட்டில் கழுத்துக்கு வெளியே நிதானமாக எடுக்கலாம். புயலில் விழுந்த கிளையோ, எப்படியும் அகற்றப் போகிற மரமோ கிடைத்தால் அதில் இந்த மூன்று வெட்டையும் கை பழகும் வரை செய்து பாருங்கள்.

எங்கே வெட்டுவது என்பது சரி. வெட்டிய பிறகு எங்கே துளிர்க்கும் என்பது அடுத்த பாடம். கிளையின் நுனி மொட்டிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளிவிட்டால் அந்த அடக்கம் போய், வெட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று வரும், செடி அடர்த்தியாகும். கிளையை நடுவில் நறுக்குவது இந்த வகை. அதற்கு மாறாக ஒரு கிளையைப் பிறந்த இடத்திலேயே முழுதாக நீக்கினால் அங்கே புதுத் துளிர் வெடிப்பது குறைவு. செடிக்குள் வெளிச்சமும் காற்றும் வரும், இயல்பான உருவம் கெடாது. கவாத்தில் உள்ள வெட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். செடி புதர் போல அடர வேண்டுமா, உள்ளே திறக்க வேண்டுமா என்று முடிவு செய்தால் எந்த வெட்டு என்பதும் முடிவாகிவிடும்.

இதை நேரில் பார்க்க ஒரு சோதனை செய்யுங்கள். செம்பருத்தி போல வேகமாகத் துளிர்க்கும் செடி ஒன்றில், கிட்டத்தட்ட ஒரே பருமனும் நீளமும் உள்ள நான்கு கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றின் நுனியை மட்டும் கிள்ளுங்கள். இரண்டாவதைப் பாதியாக வெட்டுங்கள். மூன்றாவதை அடியோடு நீக்குங்கள். நான்காவதைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றிலும் வேறு நிற நூல் கட்டி, எங்கே எத்தனை துளிர் வரும் என்று நீங்கள் நினைப்பதை ஒரு நோட்டில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். சில வாரங்களில் பதில் கிடைத்துவிடும். முடிந்தால் செங்குத்தாகப் போகும் கிளை ஒன்றிலும் படுக்கையாகப் போகும் கிளை ஒன்றிலும் இதையே செய்யுங்கள். செங்குத்துக் கிளையில் மேலே உள்ள ஓரிரு மொட்டுகள் மட்டும் ஆவேசமாகக் கிளம்பும். படுக்கைக் கிளையில் துளிர்கள் நீளவாக்கில் பரவலாக வரும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள், உயரமாக ஓடும் கிளையை வெட்டுவதற்குப் பதில் சாய்த்துக் கட்டலாமா என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியவரும். கடுமையாக வெட்டிய கிளைதான் மிக வேகமாகத் துளிர்க்கும். ஆகவே ஒரு பக்கம் நோஞ்சானாகவும் மறுபக்கம் தடித்தும் வளர்ந்த செடியைச் சமன்படுத்த, நோஞ்சான் கிளைகளைக் கடுமையாகவும் தடித்த கிளைகளை லேசாகவும் வெட்ட வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். தடித்த பக்கம் இன்னும் தடித்துவிடுகிறது.

மெல்லிய தண்டை மொட்டுக்கு மேல் வெட்டும்போது, நீங்கள் விரும்பும் திசையைப் பார்க்கும் மொட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அரை செ.மீ. மேலே, தண்ணீர் மொட்டின் மேல் வழியாதபடி சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். வழக்கமாகச் செடிக்கு வெளியே பார்க்கும் மொட்டுதான் நல்லது.

பெரிய கிளையைக் குட்டையாக்க வேண்டிய நிலை வந்தால், நடுவில் நறுக்காமல் ஒரு பக்கக் கிளை பிரியும் இடம் வரை இறங்கி வந்து வெட்டுங்கள். அந்தப் பக்கக் கிளை, நீங்கள் எடுக்கும் பகுதியின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது புது நுனியாகப் பொறுப்பேற்று மற்ற மொட்டுகளை அடக்கி வைக்கும். அதைவிட மெல்லியதாக இருந்தால் மொட்டையாக நறுக்கியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

மொட்டையடிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த மரத்தின் பெரிய கிளைகளையெல்லாம் ஒரே உயரத்தில் நறுக்கிவிடும் பழக்கத்தைப் போல மரத்துக்குக் கெடுதலானது வேறில்லை. மரம் உணவு தயாரிக்கும் இலைகளை ஒரே நாளில் இழக்கிறது. சேமித்து வைத்ததைச் செலவழித்து அவசர அவசரமாக டஜன் கணக்கில் போத்துகளை விடுகிறது. பார்ப்பவர்களுக்கு "ஆகா, எவ்வளவு நன்றாகத் துளிர்த்திருக்கிறது" என்று தோன்றும். ஆனால் அந்தப் போத்துகள் கட்டையின் உள்ளிருந்து பிறந்த கிளைகள் அல்ல. வெளிப்பக்கத்து ஓர அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. அவை தடித்துக் கனமாகும் அதே ஆண்டுகளில் கீழே இருக்கும் வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கும். கடைசியில் காற்றில் பிய்ந்து விழும். உயரத்தைக் குறைத்து ஆபத்தைத் தவிர்க்கச் செய்த வேலை, முன்பைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டு விடுகிறது. மரம் அந்த இடத்துக்குத் தாங்காத அளவு பெரிதென்றால், பக்கக் கிளைகள் வரை இறக்கி மெல்ல மெல்லச் சுருக்கலாம். அதுவும் முடியாது என்றால் மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு ஏற்ற சிறிய மரத்தை வைப்பதே நேர்மையான வழி.

சரி, ஒரு மரத்தின் முன் கத்தரியோடு நிற்கிறீர்கள். எந்த வரிசையில் போவது? முதலில் காய்ந்தவை, நோய்ப்பட்டவை, ஒடிந்தவை. இவற்றை எடுக்க யோசிக்கவே வேண்டாம், பருவமும் பெரும்பாலும் பார்க்க வேண்டாம். அப்புறம் ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் ஒன்று. அடுத்து உள்நோக்கித் திரும்பி வளர்பவை. இவ்வளவு முடிந்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். பாதி நேரம் இதற்கு மேல் ஒன்றும் வெட்டத் தேவையிருக்காது. தொடர்ந்து வெட்டுவதென்றாலும் ஓர் ஆண்டில் உயிருள்ள இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வயதான மரத்தில் அதைவிட மிகக் குறைவாக. முதிர்ந்த மரத்துக்குப் பெரிய வெட்டைத் தாங்கும் தெம்பு இல்லை. வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் உயிருள்ள செல்களே கிடையாது. அது வெட்டுப்பட்டால் மரத்தால் திருப்பி எதிர்க்க முடியாது. 5 செ.மீ. பருமனுக்குள் இருக்கும் கிளையில் இந்தக் கவலை குறைவு. 10 செ.மீ. தாண்டினால் இரண்டு முறை யோசியுங்கள்.

உள்ளே இருக்கும் சின்னக் கிளைகளையெல்லாம் துடைத்தெடுத்து நுனியில் மட்டும் இலைக்கொத்து விடுவதும் தவறு. பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் எடை முழுவதும் நுனிக்குப் போய்விடுகிறது, கிளை தடிப்பதும் நின்றுபோகிறது, காற்றில் ஒடிகிறது.

உங்களிடம் இளம் மரம் ஏதாவது இருந்தால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அதற்குக் கொடுங்கள். விரல் பருமனில் இருக்கும்போது கத்தரியால் ஒரு நொடியில் முடிகிற வேலை, விட்டுவிட்டால் பின்னாளில் ரம்பமும் கயிறும் ஆளும் கேட்கும். நட்ட உடனே வெட்ட வேண்டாம். ஒடிந்ததை மட்டும் எடுங்கள். "வேர் குறைந்துவிட்டது, அதனால் இலையையும் குறைக்க வேண்டும்" என்று சொல்வார்கள். புது வேர் விடுவதற்கான உணவு இலையிலிருந்துதான் வர வேண்டும். வேர் பிடித்து நன்றாக வளர ஆரம்பித்த பிறகு வடிவம் கொடுக்கலாம்.

நிழல் மரம் என்றால் நடுத்தண்டு ஒன்றே ஒன்று மேலே போக வேண்டும். அதோடு போட்டி போட்டு இன்னொன்று இணையாக ஏறினால் அதை நீக்குங்கள், அல்லது பக்கக் கிளை வரை குட்டையாக்குங்கள். சம பருமனில் இரண்டு தண்டுகள் வி வடிவில் நெருங்கி வளர்ந்தால் நடுவே பட்டை மாட்டிக்கொள்ளும். மரத்தோடு மரம் சேராத அந்த இணைப்புதான் பின்னாளில் புயலில் இரண்டாகப் பிளக்கிறது. வளர்ந்த மரங்களில் கவட்டையைப் பாருங்கள். பட்டை வரப்பு மேடாக வெளியே தள்ளியிருந்தால் இணைப்பு பலமானது. பட்டை உள்நோக்கி மடிந்து போயிருந்தால் பலவீனமானது. பக்கக் கிளையின் பருமன் தண்டின் பருமனில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போகும் போல இருந்தால் அந்தக் கிளையின் நுனியை மட்டும் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். அடித்தண்டில் இருக்கும் சிறு கிளைகளை அவசரப்பட்டு வழித்துவிட வேண்டாம். அவை தண்டைத் தடிக்க வைக்கின்றன, வெயிலிலிருந்து பட்டையைக் காக்கின்றன. குட்டையாக வைத்திருந்து, சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக எடுத்தால் போதும்.

பூவும் காயும் வேண்டி வளர்க்கும் செடிகளில் கேள்வி ஒன்றுதான்: அது புதுத் துளிரில் பூக்கிறதா, முந்தைய பருவத்தில் விளைந்த பழைய குச்சியிலா? செம்பருத்தி, காகிதப்பூ, இன்றைய ரோஜாக்களில் பெரும்பாலானவை, கொய்யா ஆகியவை புதுத் துளிரில் பூப்பவை. வளர்ச்சி தொடங்கும் நேரத்தில் இவற்றை வெட்டினால் பூ கூடும். மாமரம் முதிர்ந்த கிளையின் நுனியில் பூப்பது. அறுவடை முடிந்த கையோடு வெட்டினால்தான் புதுக் கிளை அடுத்த பருவத்துக்குள் முதிரும். தாமதமாக வெட்டினால் அந்தப் பூவையே வெட்டியதாக ஆகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பூக்கும் கொடி ரோஜாவையும் பூத்து முடித்த பிறகுதான் வெட்ட வேண்டும். திராட்சை, சென்ற பருவத்தில் விளைந்த குச்சியிலிருந்து கிளம்பும் துளிரில் காய்க்கும். அதனால்தான் அதை அவ்வளவு கடுமையாக வெட்டுகிறார்கள். ஆப்பிள் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குட்டைக் கிளைகளில் காய்க்கும்; அவற்றை வழித்துவிட்டால் இலைதான் மிஞ்சும். உங்கள் செடி எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓர் ஆண்டு வெட்டாமல், பூ எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, குளிர் நாடுகளில் இலையுதிர்ந்த மரங்களைக் குளிர்காலக் கடைசியில், துளிர்க்கும் முன் வெட்டுவது பொது வழக்கம். வெப்ப நாடுகளில் மழை அடித்துப் பெய்யும் நாட்களைத் தவிர்ப்பது முக்கியம். ஈரத்தில்தான் பூஞ்சை வித்துகள் காயத்தில் இறங்கும். புதுத் துளிர் பாதி விரிந்திருக்கும் நேரமும் வேண்டாம், அப்போது மரத்தின் சேமிப்பு அடிமட்டத்தில் இருக்கும். விதிவிலக்குகள் உண்டு. பிளம், செர்ரி மரங்களை வெள்ளி இலை நோய்க்குப் பயந்து வறண்ட கோடையில் வெட்டுகிறார்கள். ஓக் வாடல் நோய் உள்ள பகுதிகளில் வசந்த காலத்தில் ஓக் மரத்தைத் தொட மாட்டார்கள்.

காயத்துக்குப் பெயின்ட், தார் பூசலாமா? வேண்டாம். அழுகலை அது தடுப்பதில்லை என்பதையும் ஷைகோவின் ஆய்வுகள் காட்டின. உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு வசதி செய்வதும் உண்டு. மேலே சொன்ன ஓக் வாடல் நோய் போல, புதுக் காயத்தைத் தேடி வரும் பூச்சிகள் நோயைக் கொண்டுவரும் இடங்களில் மட்டும் உடனே பூசுவது உண்டு. இதை வெயிலில் பட்டை வெந்துபோகாமல் இருக்க வெள்ளையடிப்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நிழலிலேயே இருந்த கிளை திடீரென்று வெயிலுக்கு வந்தால் அது தேவைப்படும்.

கருவி விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு அலகும் ஒன்றையொன்று கடந்து போகும் கவாத்துக் கத்தரி ஒன்று, சுமார் 2 செ.மீ. பருமன் வரைக்கும். நீண்ட கைப்பிடிக் கத்தரி 4 செ.மீ. வரைக்கும். அதற்கு மேல், இழுக்கும்போது அறுக்கும் கைரம்பம். தட்டையான அடிப்பலகையில் அலகு வந்து இறங்கும் வகைக் கத்தரி உயிருள்ள தண்டை நசுக்கும். காய்ந்த குச்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கித்தான் வெட்ட முடிகிறது என்றால் அந்தக் கிளைக்கு அந்தக் கருவி போதாது என்று அர்த்தம். கூர்மையாக வைத்திருங்கள். நோய்ப்பட்ட செடியில் ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். ஆப்பிள், பேரிக்காய் மரங்களில் வரும் தீக்கருகல் போன்ற பாக்டீரியா நோயென்றால் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு 20 முதல் 30 செ.மீ. கீழே, நல்ல திசுவில் வெட்ட வேண்டும்.

சில செடிகள் மேலே சொன்ன விதிகளுக்குள் வராது. தென்னை, பனை வகைகளுக்கு ஒரே ஒரு வளரும் குருத்துதான், கேம்பியமும் கிடையாது. தண்டில் விழுந்த காயம் எந்தக் காலத்திலும் மூடாது. முழுதும் பழுப்பான மட்டையை மட்டும் எடுங்கள். மஞ்சளாகிக்கொண்டிருக்கும் கீழ்மட்டையிலிருந்துகூட மரம் பொட்டாசியத்தை உறிஞ்சிக் குருத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். பைன், சைப்ரஸ் போன்ற ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது. பச்சை இருக்கும் பகுதிக்குள் நின்றுகொள்ளுங்கள். ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் போத்து வேர்ச்செடியுடையது. விட்டால் அதுவே செடியை விழுங்கிவிடும். இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்தெடுங்கள். கத்தரித்தால் அடிமொட்டுகள் மிச்சமிருந்து மீண்டும் வரும். அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும் புதர்ச்செடி கிழடாகிவிட்டால், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மிகப் பழைய தண்டுகளைத் தரைமட்டத்தில் எடுத்தால் மூன்று ஆண்டுகளில் செடி புதிதாகிவிடும். வேலிச்செடியை அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வெட்டுங்கள். இல்லாவிட்டால் அடியில் வெளிச்சம் படாமல் மொட்டையாகும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டால், ஒரு முழு ஆண்டு சுழற்சியாவது வேண்டும் என்பேன். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். அடுத்த துளிர்ப்பிலும், ஓராண்டு கழித்தும் மறுபடி எடுத்து, நோட்டில் நீங்கள் எழுதிய கணிப்போடு ஒப்பிடுங்கள். பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதைவிட ஒரே மரத்தை விடாமல் கவனித்தால் அதிகம் தெரியும்.

கற்றுக்கொண்ட பிறகும் நீங்களே செய்யக்கூடாத வேலைகள் இருக்கின்றன. மின்கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையைத் தொடவே வேண்டாம்; பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். ஏணியில் நின்றுகொண்டு செயின்சாவை இயக்க வேண்டாம். தலைக்கு மேலே உள்ள கனமான கிளை, பிளந்த மரம், பாதி ஒடிந்து தொங்கும் கிளை ஆகியவை பயிற்சி பெற்றவர்களின் வேலை. சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது; அப்படிப்பட்டவர் கிடைத்தால் நல்லது. யாரை அழைத்தாலும், எந்தக் கிளையை எதற்காக எடுக்கப் போகிறார், எங்கே வெட்டுவார் என்று முதலில் கேளுங்கள். "மேலே மொத்தமாக நறுக்கிவிடலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஏற வந்தாலும் தடுத்துவிடுங்கள். அந்த முள் வெட்டிச் சாய்க்கப் போகிற மரத்துக்கு மட்டும்தான். நிற்கப் போகிற மரத்தில் அவர் வைக்கும் ஒவ்வொரு அடியும் கேம்பியம் வரை இறங்கும் ஒரு காயம்.